விமானம் எடுக்க எந்தக் கமரா?

வணக்கம் அண்ணா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே விமானப் பைத்தியம். இதுவரை போனில்தான் எடுக்கிறேன், எல்லாம் புள்ளியாகத்தான் விழுகிறது. கையில் ஒன்றேகால் இலட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. கடையில் கிட் லென்ஸோடு (கமராவுடன் சேர்த்தே தரும் சாதாரண லென்ஸ்) ஒரு புதிய மிரர்லெஸ் கமரா காட்டினார்கள். நண்பன், நிகோன் பி900 மாதிரி பெரிய சூம் கமரா ஒன்றே போதும் என்கிறான். அடுத்த மாதம் கனடாவிலிருந்து மாமா வருகிறார். அவரிடம் பழையது ஏதாவது கொண்டுவரச் சொல்லலாமா? முக்காலியும் வேண்டுமா?

— ச., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

மாமாவிடமே சொல்லுங்கள். ஆனால் எதைச் சொல்வது என்பது, நீங்கள் எங்கே நின்று எடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதை நீங்கள் எழுதவில்லை, கடைக்காரரும் கேட்டிருக்க மாட்டார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கெனானின் சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கமராக்கள்) படம் விழும் சென்சரின் அகலம் சுமார் 22.3 மி.மீ. லென்ஸின் மி.மீ. கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். 250 மி.மீ. லென்ஸ் போட்டு 500 மீற்றர் தூரத்தில் பார்த்தால், சட்டகத்துக்குள் சுமார் 45 மீற்றர் அகலம் அடங்கும். ஏ320 பயணிகள் விமானத்தின் நீளம் 37.57 மீற்றர். ஆக, படம் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். அதே இடத்தில் கிட் லென்ஸின் 55 மி.மீ.யில் 200 மீற்றர் அகலம் அடங்கும், விமானம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. கடையில் காட்டிய மிரர்லெஸ் நல்ல கமராவாகவே இருக்கலாம். அதை வாங்கியதும் காசு முடிந்துவிடும், லென்ஸுக்கு மிச்சம் இருக்காது. புள்ளிகள் கொஞ்சம் தெளிவாக விழும், அவ்வளவுதான்.

அப்படியானால் 600 மி.மீ. வாங்கலாமே என்று தோன்றும். ஒரு கிலோமீற்றருக்கு அப்பால், வெயில் ஏறிய பிறகு, ஓடுபாதையின் மேல் எழும் கானல் விமானத்தின் உடலையே நெளியவைக்கும். அதை எந்த லென்ஸும் சரிசெய்யாது. கொழும்பில் காலை ஒன்பதரை தாண்டினால் தூரத்து விமானங்களை நான் விட்டுவிடுவேன். கிட்டப் போவதுதான் வழி.

உங்களுக்குக் கிட்ட இருப்பது இரத்மலானை விமான நிலையம். வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கல்கிசையில் இறங்கித் தெற்கே கடற்கரையோரம் நடந்தால் போதும். அங்கே ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில், இறங்கும் விமானங்கள் கடலிலிருந்து உங்களை நோக்கி வரும். காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், வெளிச்சத்துக்கு இதைவிட நல்ல நிலை வேண்டியதில்லை. மாலையில் போனால் எல்லாமே கறுப்பு நிழலுருவம். மே மாதத்துக்குப் பிறகு காற்று மாறிவிடும், அப்போது கடலை நோக்கி ஏறிப்போகிற விமானங்களின் வயிறும் வாலும்தான் கிடைக்கும்.

இரத்மலானையில் அதிகம் பறப்பவை சின்ன விமானங்கள். செஸ்னா 172இன் நீளம் 8 மீற்றரைச் சற்றுத் தாண்டும். 200 மீற்றரில் வந்தால் அதே 250 மி.மீ. லென்ஸில் பாதிச் சட்டகம். தாராளம்.

ஆகவே லென்ஸ்: கெனான் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். 375 கிராம்தான், நடுக்கத்தடுப்பு உண்டு. 75-300 என்று மலிவாக ஒன்று வரும், அதில் நடுக்கத்தடுப்பு இல்லை, 300 மி.மீ. வரை இழுத்தால் மங்கலும் அதிகம். வேண்டாம். கமரா உடல்: 2013இல் வந்த கெனான் 70டி. விநாடிக்கு 7 படம், 20 மெகாபிக்சல். நிகோன் கிடைத்தால் டி7200ம் நல்லது. ஆனால் நிகோனின் 3000, 5000 வரிசைகளில் உடலுக்குள் ஃபோக்கஸ் மோட்டர் கிடையாது, தனக்குள் மோட்டர் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் ஃபோக்கஸைக் கையால்தான் திருப்பவேண்டும். இதைத் தெரியாமல் வாங்கித் தவிப்பவர்கள் நிறைய.

பி900 நிலவுக்கும், உயரத்தில் கோடு போட்டுப் போகும் விமானங்களுக்கும் நன்றாகவே உதவும். தலைக்கு மேல் வேகமாகக் கடக்கும் விமானத்தைத் துரத்தினால் அதன் மின்திரை பின்தங்கிவிடும்.

600 மி.மீ. மாதிரி நீண்ட வெள்ளை லென்ஸ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இரத்மலானையிலும் கட்டுநாயக்காவிலும் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே உண்டு. தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையும் அவ்வளவு பெரிய லென்ஸும் ஒன்றாக வேலியோரம் நின்றால் கேள்விகள் கூடும். வேலியை விட்டு விலகி நில்லுங்கள், இராணுவ விமானங்களை எடுக்காதீர்கள், எடுக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் வாதாடாமல் பையில் வையுங்கள். பழைய இராணுவ விமானங்களில் ஆசை இருந்தால் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகலாம். ஜெட் புரோவோஸ்ட் என்ற பழைய ஜெட் அங்கே நிற்கிறது, கமரா பழகவும் நல்ல இடம்.

சட்டர் வேகம் (படம் எடுக்கும்போது சென்சரில் வெளிச்சம் விழும் நேரம்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் நாளே தடுக்கி விழும் இடம் அதுதான். ஜெட் என்றால் 1/1000 விநாடி சரி. செஸ்னா கரவான் என்ற சின்ன விமானத்தின் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு அதிகபட்சம் 1,900 சுற்று. 1/1000இல் அது 11 பாகைதான் திரும்பும், நின்றுபோன மாதிரி இருக்கும், பார்க்கவே பயம். 1/125இல் கால் சுற்று வரும், சுழல்வது தெரியும். ஆனால் கையை விமானத்தோடு சேர்த்துத் திருப்பப் பழகவேண்டும், பத்தில் எட்டு பழுதாகும். போனிலும் சில மிரர்லெஸ்களின் எலெக்ட்ரோனிக் சட்டரிலும் புரொப்பெல்லர் வாழைப்பழம் மாதிரி வளைந்து வருவது வேறு கதை, அது சென்சர் வரிவரியாகப் படிப்பதால் வருவது.

மாமாவிடம் சொல்லவேண்டியது: தெருவில் யாரிடமும் வாங்காமல், பாவித்த கமராக்களுக்கு உத்தரவாதம் தரும் கடையில் வாங்கட்டும். 70டியின் சட்டர் ஒரு இலட்சம் கிளிக்குக்குச் சோதிக்கப்பட்டது, ஆனால் இதுவரை எத்தனை கிளிக் ஆனது என்ற கணக்கைக் கெனான் படத்துக்குள் எழுதாது, கடையைத்தான் கேட்கவேண்டும். லென்ஸின் ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பார்க்கட்டும், சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடலாம். இங்கே வந்தபின் நம் ஈரக்காற்றில் அதே பூஞ்சை வராமலிருக்க, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

முக்காலி வேண்டாம். அந்தக் காசில் இரண்டாவது பட்டரி வாங்குங்கள்.