ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வெள்ளிக்கிழமை: எதைப் பார்ப்பது, எங்கே நடப்பது?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: சனிக்கிழமை லெனேசியாவில் உறவினர் திருமணம், முந்தைய நாள் மகளுடன் ஜோகன்னஸ்பர்க்கில் நவீன கலைக் கண்காட்சிகளைப் பார்க்க விருப்பம், நகரில் நடந்து சுற்றலாமா, புரியாத படைப்பின் முன் என்ன செய்வது?

கான்ஸ்டிடியூஷன் ஹில்லையும் அதற்கு மேற்கே உள்ள பிராம்ஃபொன்டெய்னையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரோஸ்பேங்க் பக்கத்துக் கலைக்கூடங்களும் நல்லவைதான்; ஆனால் அவற்றையும் சேர்த்தால் மதியத்துக்குள் கண் களைத்து, எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கிவிடும்.

காலையில் கான்ஸ்டிடியூஷன் ஹில்லில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் செல்லுங்கள். காந்தி அடைபட்டிருந்த பழைய சிறை வளாகத்தில் 2004-இல் திறக்கப்பட்ட இந்த நீதிமன்றத்தில், இடிக்கப்பட்ட சிறைப்பகுதியின் செங்கற்களே மன்றச் சுவராக எழும்பியிருக்கின்றன. நீதிபதி ஆல்பி சாக்ஸ் முன்னின்று சேர்த்த கலைத்தொகுப்பும் இங்குதான் உள்ளது. ஓவியர் ஜூடித் மேசன் நீலப் பிளாஸ்டிக் பைகளால் தைத்த உடை காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தால் அதற்கே கால் மணி நேரம் கொடுங்கள். தள்ளி நின்றால் வெறும் கவுன். நெருங்கினால் அதன் விளிம்பில் எழுதிய வரிகள் தெரியும். 1988-இல் காவல்துறையினர் கொன்ற விடுதலைப் போராளி பிலா ந்துவான்ட்வே, ஆடையின்றி அடைத்து வைக்கப்பட்டபோது ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு மானத்தைக் காத்துக்கொண்டார் என்ற செய்தி, நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில் வெளிவந்தது. அதை வானொலியில் கேட்டே மேசன் இதைச் செய்தார். ஆகவே, ஒரு படைப்பின் முன் ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று தவிப்பதைவிட, ‘இது எதனால் ஆனது, ஏன் இந்தப் பொருள்’ என்று மகளும் நீங்களும் பேசிப் பாருங்கள். விளக்க அட்டையை அதன் பிறகு படிப்பதே நல்லது.

அடுத்தது, பிராம்ஃபொன்டெய்னில் யோரிசன் தெரு முனையிலுள்ள விட்ஸ் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகம். ஆப்பிரிக்கக் கலைக்கென்றே 2012-இல் திறக்கப்பட்ட இதற்கு நுழைவுக் கட்டணமில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். மேட்டிலிருந்து தொடங்குவதால் பெரும்பாலும் இறக்கமே. (ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்திலுள்ள நகரம் இது, கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மேடேறினால் மூச்சு வாங்கும்.) நல்ல பகலில், கைப்பேசியைக் கையில் பிடிக்காமல், மேற்கு நோக்கி மட்டும் நடங்கள், கிழக்கே ஹில்புரோ பக்கம் இறங்க வேண்டாம். வாயிற்காவலர் நடக்க வேண்டாம் என்றால் மறுபேச்சின்றி ஊபர் அழைத்துவிடுங்கள். தில்லையாடி வள்ளியம்மை அடக்கம் செய்யப்பட்ட பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைக்கும் காரில் போவதே சரி. கட்டடக் கலைஞர் லட்யென்ஸ் வடிவமைத்த ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடத்தை, அது இருக்கும் ஜூபெர்ட் பூங்காச் சுற்றுப்புறத்தின் பாதுகாப்பின்மையைக் கருதி, இந்த முறை விட்டுவிடலாம்.

விமான நிலையத்திலிருந்து காட்ரெயின் விரைவு ரயிலில் வந்தால், வண்டி மாறி பார்க் நிலையத்தில் இறங்கி, குன்றின் மேல் வரை ஊபரில் செல்லுங்கள். நீதிமன்றம் அலுவல் நாட்களில் இயங்குவது என்பதால் வெள்ளிக்கிழமை பொருத்தமானதே. ஆயினும் இரு இடங்களின் திறப்பு நேரத்தையும், விட்ஸில் கண்காட்சி மாற்றும் வேலை நடக்கிறதா என்பதையும் முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.