செக் ரிட்டர்ன் ஆனா முதல்ல தேதியை பாருங்க

சிஸ்டர், ரெண்டு லட்ச ரூபா செக் ரிட்டர்ன் ஆகி 18 நாள் ஆச்சு, சென்னை லா ஃபர்மோட கோயம்புத்தூர் ஆபீஸ்ல நோட்டீஸ், கேஸ் எல்லாத்துக்கும் சேத்து மொத்த ஃபீஸையும் முன்னாடியே கேக்கறாங்கன்னு எழுதிருக்கீங்க. ஃபீஸை விட தேதிதாங்க முக்கியம், ரிட்டர்ன் தகவல் பேங்க்ல இருந்து வந்த நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ் போயே ஆகணும், அது செக் குடுத்தவருக்கு கிடைச்சு 15 நாள்ல பணம் தரலன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள செக் ரிட்டர்னுக்கான சட்டப் பிரிவு 138ல கேஸ் போடணும்.

அதனால இப்ப நோட்டீஸுக்கு மட்டும் ஃபீஸ் பேசி ரசீது வாங்குங்க, செக், பேங்க் குடுத்த ரிட்டர்ன் மெமோ ரெண்டுக்கும் ஜெராக்ஸ் குடுத்தா போதும். கோர்ட்டுக்கு யார் வருவாங்கன்னும் கேட்டுருங்க, எங்கப்பா கேஸுல ஆபீஸ்ல பேசினது சீனியர், வாய்தாவுக்கு வந்ததெல்லாம் வேற வேற ஜூனியர், ரொம்ப நொந்துட்டோம். வக்காலத்துல யார் பேர் இருக்குன்னு படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

உங்க அக்கவுன்ட் கோவை பிராஞ்ச்ல இருக்கறதால கேஸும் இங்கதான் நடக்கும், உள்ளூர் வக்கீலே போதும். ஃபீஸ் கட்ட முடியலன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் கேக்கலாம், இலவச சட்ட உதவி எண் 15100க்கு நாளைக்கே போன் போடுங்க.