ஆழ்கடலில் கிடக்கும் கப்பல் யாருடையது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

'திலாவா' கப்பலைப் பற்றிச் சென்ற மாதம் நான் எழுதியதற்குப் பிறகு, மும்பையின் பல பகுதிகளிலிருந்தும் கேள்விகள் வந்தன. பல்லார்ட் எஸ்டேட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கப்பல், சரக்குச் சேதங்களை அளவிடும் சர்வேயராக இருந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த அளவில் ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

என் தாத்தாவின் தம்பி 1942இல் பம்பாயிலிருந்து புறப்பட்ட 'திலாவா'வில் கலாசியாக வேலை பார்த்தார், திரும்பி வரவேயில்லை. அந்தக் கப்பலின் வெள்ளியை எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அதில் பங்கு கிடைக்குமா? – வாசகி, செம்பூர்

கிடைக்காது, அம்மா. அதற்கான காரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஒரு வழக்கிலேயே மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை இருக்கிறது.

1942 நவம்பர் 20 அன்று 958 பேரோடும் ஆறாயிரம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கோடும் ஆப்பிரிக்காவை நோக்கிப் புறப்பட்ட 'திலாவா', மூன்றாம் நாள் சேஷல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கி மூழ்கியது. 280 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோரை 'பர்மிங்ஹாம்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மீட்டு இங்கேயே கொண்டுவந்து சேர்த்தது. சரக்கில் 2,364 வெள்ளிக் கட்டிகள் இருந்தன. நாணயம் அச்சிடுவதற்காக அன்றைய தென்னாப்பிரிக்க அரசு விலை கொடுத்து வாங்கிய வெள்ளி அது. ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த அதை 2017இல் ஒரு தனியார் மீட்பு நிறுவனம் எடுத்து, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், மூழ்கிய கப்பல்களிலிருந்து வரும் பொருள்களைப் பதிவு செய்யும் அந்நாட்டுக் கடற்சிதைவு அதிகாரியிடம் கணக்குக் காட்டியது.

இங்கே கவனிக்க வேண்டியது, உச்ச நீதிமன்றம் வரை போன சண்டை வெள்ளி யாருடையது என்பதைப் பற்றியதல்ல என்பது. வெள்ளியின் உரிமையாளர் தென்னாப்பிரிக்கா என்பதில் தகராறு இல்லை. மீட்டுத் தந்ததற்கான வெகுமதிதான் கேட்கப்பட்டது. ஓர் அரசின் சரக்கின் மீது அப்படி வழக்குத் தொடர வேண்டுமானால், அந்தச் சரக்கு வணிக நோக்கத்துக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் 1978ஆம் ஆண்டுச் சட்டம். கப்பல் வணிகக் கப்பல்தான், ஆனால் அதன் அறையில் சும்மா கிடந்த வெள்ளி எதற்குப் 'பயன்பட்டது' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் மீட்பு நிறுவனத்தின் பக்கம் நின்றன. 2024 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்காவின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டிருந்தாலும், சட்டக் கேள்வி முக்கியமானது என்பதால் நீதிபதிகள் தீர்ப்பை வெளியிட்டார்கள்.

ஆக, கோடிக்கணக்கில் செலவழித்து வெள்ளியைக் கரை சேர்த்தவருக்கே இவ்வளவு இழுபறி என்றால், கப்பலில் வேலை செய்தவரின் வாரிசுக்கு அந்தச் சரக்கின் மீது சட்டத்தில் பிடிமானமே இல்லை. உங்கள் சின்னத் தாத்தாவுடைய பெட்டியோ பொருளோ மேலே வந்து, அது அவருடையதுதான் என்று காட்ட முடிந்தால், அது வேறு கதை.

ஆனால் அவருடைய பெயரைத் தேட முடியும். இரண்டாம் உலகப் போரில் கடலில் மறைந்த, பிரிக்கப்படாத இந்தியாவின் கப்பல் தொழிலாளர்களுக்கான நினைவுப் பதிவேடு நம் மஸ்ஜித் பந்தரில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதே பட்டியல் சிட்டகாங்கிலும் உண்டு. ஆங்கிலேய எழுத்தர்கள் நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியவர்கள் என்பதால், ஒரே பெயரை நான்கு விதமான எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள்.

இருட்டான இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்பை, 'இது இன்ன கப்பல்' என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? – பொறியியல் மாணவர், முலுண்டு

முதலில் கடலில் தேடுவதில்லை, தாளில் தேடுகிறார்கள். மூழ்கும் கப்பல் கடைசியாக அனுப்பிய தந்தி, பிழைத்தவர்களின் வாக்குமூலம், மூழ்கடித்த நீர்மூழ்கியின் போர்க் குறிப்பேடு ஆகிய மூன்றும் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு இடங்களைக் காட்டும். அந்தக் காலத்து மாலுமி சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து இடம் கணித்தவர். இரண்டு நாள் மேகமூட்டம் இருந்தால், கப்பலின் வேகத்தையும் திசையையும் வைத்து ஊகமாகத்தான் குறித்திருப்பார். ஆகவே தேடல் பரப்பு நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

பிறகு ஒலி. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 2,500 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப மூன்று நொடிக்கு மேல் பிடிக்கும். மேற்பரப்பிலிருந்து அனுப்பும் ஒலி கீழே போகப் போகப் பரந்துவிடுவதால், நூறு மீட்டர்க் கப்பல்கூட ஒரு மங்கலான மேடாகவே தெரியும். எனவே சோனார் (ஒலியால் தேடும் கருவி) பொருத்திய ஆளில்லாக் கலத்தைத் தரைக்குச் சில பத்து மீட்டர் மேலே ஓட்டுகிறார்கள். சந்தேகத்துக்குரிய உருவம் கிடைத்தால், கம்பிவடத்தில் கட்டிய கேமரா இயந்திரத்தை இறக்குகிறார்கள். நீளம், சரக்கறைகளின் எண்ணிக்கை, கொதிகலன்கள் அமைந்த விதம், நங்கூரத்தின் வகை, டார்பிடோ துளை இடப்புறமா வலப்புறமா என்று ஒவ்வொன்றையும் கட்டுமானப் படத்தோடு ஒப்பிடுவார்கள்.

பெயரை நேரே படிக்கக் கிடைப்பது அரிது. 2022இல் அண்டார்க்டிக்காவின் வெட்டல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டெடுத்த 'எண்டியூரன்ஸ்' கப்பலின் பின்புறத்தில் பெயர் அப்படியே இருந்தது, ஏனெனில் மரத்தைத் தின்னும் புழுக்கள் அந்தக் குளிர் நீரில் வாழ்வதில்லை. அந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்க்காது.

பலர் கப்பலின் மணியே இறுதிச் சான்று என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. கப்பல் கைமாறிப் பெயர் மாறினாலும் மணியில் முதல் பெயரே நின்றுவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூழ்கிய சிறு சரக்குக் கலம் ஒன்றிலிருந்து முக்குளிப்பவர்கள் எடுத்துவந்த பம்பின் பித்தளைத் தகட்டில் வேறொரு கப்பலின் பெயர் பொறித்திருந்தது. கலமே வேறு என்று அறிக்கை எழுதிவிட்டேன். அந்தப் பம்பு தாருகானாவில் உடைத்த கப்பலிலிருந்து எடைக்கு வாங்கியது என்பது, அதன் ரசீது வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்ற நாள் இன்றும் நினைவிருக்கிறது.

சரக்கு இன்னும் உறுதியான சாட்சி, ஆனால் அதுவும் ஒரு பக்கத்தை மட்டுமே சொல்லும். கொலம்பியாவின் கார்த்தஹேனா அருகே 1708இல் மூழ்கிய 'சான் ஹோசே' என்று கருதப்படும் சிதைவில், 1707ஆம் ஆண்டு லிமாவில் அச்சிட்ட நாணயங்கள் படத்தில் தெரிந்தன. அதனால் கப்பல் 1707க்கு முன் மூழ்கியிருக்க முடியாது என்று ஆகிறது. எப்போது மூழ்கியது என்பதற்கு நாணயம் மட்டும் போதாது. நம் பூம்புகார்க் கடலில் கிடைத்த ஈயக் கட்டிகளில் 1791, 1792 என்ற ஆண்டுகள் இருந்ததும் இதே வகைச் சான்றுதான். அடையாளம் தவறுவதும் உண்டு. ஹைத்தி அருகே கொலம்பஸின் 'சாந்தா மரியா' கிடைத்துவிட்டது என்று 2014இல் ஒருவர் அறிவிக்க, யுனெஸ்கோ வல்லுநர்கள் போய்ப் பார்த்து, அதிலிருந்த செம்பு ஆணிகள் பிற்காலத்தவை என்று கண்டு மறுத்துவிட்டார்கள்.

விலக்கிப் பார்ப்பதும் ஒரு முறை. 2016இல் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் போகும்போது 29 பேரோடு மறைந்த விமானப்படையின் ஏ.என்.-32 விமானத்தின் சிதைவுகளை, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் படமெடுத்தது. 2024இல் அது அறிவிக்கப்பட்டது. உருவ ஒற்றுமையோடு, அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை என்பதையும் அரசு காரணமாகச் சொன்னது. 'இருக்கக்கூடும்' என்ற அளவிலேயே அந்த அறிவிப்பு நின்றது. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

யாரும் தேடாத கப்பலை நான் கண்டுபிடித்தால் அது எனக்குத்தானே? – வாசகர், மாட்டுங்கா

இல்லை. நெடுங்காலம் தேடாமல் விட்டதால் மட்டும் உரிமை கைவிடப்பட்டதாக நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. அரசுக் கப்பல் என்றால், அந்த அரசு வெளிப்படையாகக் கைவிட்டதாகச் சொல்ல வேண்டும் என்பதே பெரும்பாலான நாடுகளின் நிலை. 1804இல் போர்த்துகல் அருகே வெடித்து மூழ்கிய ஸ்பானியப் போர்க்கப்பல் 'மெர்சிடஸ்' இதற்கு நல்ல பாடம். 2007இல் ஓர் அமெரிக்க நிறுவனம் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட நாணயங்களை அள்ளி விமானத்தில் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனது. கப்பலின் அடையாளம் உறுதியாகவில்லை என்றது. சரக்கின் பெரும்பகுதி தனியார் வணிகர்களுடையது என்றும் வாதிட்டது. நாணயம் அச்சிடப்பட்ட நாடு என்று பெருவும் வழக்கில் நுழைந்தது. அடையாளம் நிறுவப்பட்டதும் வழக்கு முடிந்தது. 2012 பிப்ரவரியில் இரண்டு ஸ்பானிய ராணுவ விமானங்கள் வந்து பதினேழு டன்னையும் ஏற்றிச் சென்றன. நிறுவனத்துக்கு வெகுமதி ஒரு காசுகூட இல்லை.

அதே நிறுவனம் 'கெர்சொப்பா'வில் முன்யோசனையோடு நடந்துகொண்டது. ஜோக் அருவியின் பெயர் தாங்கிய இந்தக் கப்பல் கல்கத்தாவிலிருந்து வெள்ளியும் தேயிலையும் ஏற்றிப் போய், 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே மூழ்கியது. நிறுவனம் முதலில் பிரிட்டிஷ் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மீட்பதில் எண்பது சதவீதம் தனக்கு என்று எழுதி வாங்கியது. பிறகு 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து 2012, 2013 ஆண்டுகளில் 2,792 வெள்ளிக் கட்டிகளை எடுத்தது. கூடவே எழுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களும் மேலே வந்தன. எழுபது ஆண்டு நீரில் கிடந்தும் படிக்கக்கூடிய நிலையில் இருந்தன. ஆகவே தம்பி, கப்பலைத் தேடும் முன் உரிமையாளரைத் தேடுங்கள்.

காப்பீட்டுத் தொகை கொடுத்தாகிவிட்டால் பொருள் யாருக்குச் சொந்தம்? – வாசகர், வாஷி

முழு இழப்புக்குப் பணம் கொடுத்த காப்பீட்டாளர் அந்த உரிமையைத் தம்மிடம் எடுத்துக்கொள்ளலாம். லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த 'ஈஜிப்ட்' கப்பல் 1922 மே மாதம் பிரான்ஸ் அருகே மூடுபனியில் மோதுண்டு மூழ்கியது. பத்து லட்சம் பவுனுக்கு மேற்பட்ட தங்கமும் வெள்ளியும் அதில் இருந்தன. லண்டன் காப்பீட்டாளர்கள் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, மீட்புக்கும் தாங்களே ஒப்பந்தம் போட்டார்கள். 1930இல் இத்தாலியர்கள் கப்பலைக் கண்டுபிடித்து, 1932 முதல் தங்கத்தை எடுத்தார்கள். 'கெர்சொப்பா'வில் போர்க்காலக் காப்பீட்டை அளித்தது பிரிட்டிஷ் அரசே என்பதால்தான் ஒப்பந்தம் அரசோடு போடப்பட்டது.

1857இல் மூழ்கிய 'சென்ட்ரல் அமெரிக்கா' என்ற கப்பலின் தங்கத்துக்கு, நூற்று முப்பது ஆண்டுகள் கழித்துக் காப்பீட்டு நிறுவனங்கள் வந்து நின்றன. ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்திருந்தபோதிலும் அவர்கள் உரிமையைக் கைவிடவில்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆயினும் மீட்டவருக்கே தொண்ணூறு சதவீதம் வெகுமதியாகப் போயிற்று. கப்பல், சரக்கு, பயணிகளின் பொருள் ஆகிய மூன்றுக்கும் வெவ்வேறு சொந்தக்காரர்கள் இருக்கலாம் என்பதால், காப்பீட்டுச் சீட்டையும் சரக்கேற்றுச் சீட்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

நூறு ஆண்டு கடந்தால் தானாகவே பாதுகாப்பு வந்துவிடுமா? – ஆசிரியை, சயான்

நூறு ஆண்டுகளாவது நீரில் கிடந்தவற்றை யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை பாரம்பரியமாகக் கருதி, வணிக நோக்கிலான மீட்பை மறுக்கிறது. ஆனால் அது ஏற்றுக்கொண்ட நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். இந்தியா அதில் சேரவில்லை. 'திலாவா'வுக்கு நூறு ஆண்டு நிறைவது 2042இல்தான்.

தூத்துக்குடியில் என் மாமாவின் மடி வலையில் பழைய பித்தளை மணி ஒன்றும் சில பீங்கான் தட்டுகளும் சிக்கின. விற்கலாமா? – வாசகர், தாராவி

விற்க வேண்டாம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் ஆட்சிக் கடல். அங்கே கிடைத்த கப்பல் சிதைவை அரசு நியமித்த அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். உரிமையாளர் வந்து கோர ஓராண்டு அவகாசம் என்று 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் வகுத்தது. 2025இல் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியிருப்பதால், இன்றைய நடைமுறையைத் துறைமுக அலுவலகத்தில் கேட்டு, பொருளைக் கொடுக்கும்போது எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளட்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்டது என்று தெரிந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேரும். அதன்படி உரிமமில்லாமல் வணிகம் செய்யக் கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது.

அதுவரை மாமா செய்ய வேண்டியவை சில உண்டு. வலை இழுத்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்களைப் படகுக் கருவியிலிருந்து இன்றே ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த பயணத்தில் அது அழிந்துபோகலாம். தட்டுகளைக் கழுவி வெயிலில் காயவைக்கக் கூடாது. உள்ளே ஊறிய உப்பு படிகமாகி மேல் பூச்சை உரித்துவிடும். வாளியில் கடல் நீரிலேயே மூழ்கியபடி இருக்கட்டும். மணியைப் புளி போட்டுத் தேய்க்க யாராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள். பாசிக்குக் கீழே எழுத்து இருந்தால், அதைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.