பூனை டான் ஏன் சிரிப்பு மூட்டவில்லை

வசனத்தில் கோளாறு இல்லை, உங்கள் டான் பூனையாகவே இல்லை. ‘காட்ஃபாதர்’ என்ற மாஃபியா படத்தின் கதையைப் பூனைகளுக்கு மாற்றியும் யாரும் சிரிக்கவில்லை என்கிறீர்களே, பெயரையும் மீசையையும் மட்டும் மாற்றிவிட்டு மனிதர்களின் கோபத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள் போல.

ஒரு காட்சியில் பூனை என்று வரும் இடத்திலெல்லாம் ஆள் என்று போட்டுப் படித்துப் பாருங்கள். எதுவும் கெடவில்லையென்றால் பகடி இன்னும் தொடங்கவே இல்லை. மிரட்டிக்கொண்டே டம்ளரை மேசையிலிருந்து மெல்லத் தள்ளிவிடாத டான் என்ன டான்?

1972இல் வந்த அந்தப் படத்தின் தொடக்கத்திலேயே டானாக நடித்த மார்லன் பிராண்டோ மடியில் நிஜப் பூனை ஒன்று இருக்கும். அங்கே ஒரு குட்டி மனிதனை உட்காரவையுங்கள், பாதி வேலை முடிந்தது.

ஒருவரை மிரட்ட அவருடைய குதிரையின் வெட்டிய தலையைப் படுக்கையில் போட்டுவைக்கும் காட்சியில் மட்டும் கவனம். எல்லாரும் விலங்குகளாக இருக்கும் உலகில் அது அப்பட்டமான கொலை, சிரிப்பு வராது. நானாக இருந்தால் படுக்கையில், பூனைகள் பார்த்தாலே துள்ளி ஓடும் வெள்ளரிக்காய் ஒன்றை வைத்துவிடுவேன்.