மூட்டு வலிக்கு எதுக்குங்க மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுக்கறாங்க?

வாசகர் கேள்வி – டாக்டர் பதில்

போன இதழ்ல முடக்குவாதம் (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம மூட்டைத் தாக்கற நோய்) பத்தி நாலு வரி எழுதினதுக்கு கடுதாசியும் வாட்ஸ்அப்பும் குமிஞ்சு போச்சுங்க. எல்லாத்தையும் போட எடம் பத்தாது, ஒரே மாதிரி இருக்கறதைச் சேத்து எழுதியிருக்கறேன்.

கேள்வி (வாசகி, சென்னிமலை): டாக்டர், எனக்கு 46 வயசு. ரெண்டு வருசமா காலையில எந்திரிச்சா கை வெரலு மடங்கறதே இல்லீங்க, சீப்பு புடிக்க முடியாது, அரிசி களையறதுக்குள்ள உசுரே போயிரும், ஒரு மணி நேரம் ஆனாத்தான் கொஞ்சம் எளகும். முடக்குவாதம்னு மாத்திரை குடுத்திருக்கறாங்க. ஆனா மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுக்கச் சொல்றாங்க. நோவு இருக்கறது மூட்டுலதானுங்களே, ரத்தத்துல என்னத்தப் பாக்கறாங்க? அது கேன்சர் மாத்திரைன்னு எம் பையன் போன்ல பாத்துச் சொன்னதுல இருந்து பயமாவும் இருக்குதுங்க.

பதில்: நோவு மூட்டுலதானுங்க அம்மா, ஆனா அதைக் கெளப்பி விடற செல்லுகள்ல முக்காவாசி மூட்டுல பொறந்தது இல்லை. வீங்கின மூட்டுல இருந்து கொஞ்சம் தண்ணி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தா நிறைய வெள்ளணுவாத்தான் தெரியும், உள்சவ்வுல மேக்ரோஃபேஜ், டி செல், பி செல்னு வெள்ளணு வகையெல்லாம் கும்பலா ஒக்காந்திருக்கும், வருசக்கணக்குல வைத்தியம் பாக்காம விட்டா எலும்போட ஓரத்தை அரிச்சு எடுக்குதே ஆஸ்டியோகிளாஸ்ட்னு ஒரு செல், அதுவும் ரத்த வம்சம்தான். இதுக அத்தனைக்கும் மூலம் எலும்பு மஜ்ஜையில இருக்கற ரத்த ஸ்டெம் செல். நம்ம ஒடம்புல ஒரு நாளைக்கு சுமார் 20,000 கோடி சிவப்பணு புதுசா உண்டாகுது, ஆனா அதுக்கெல்லாம் மூலமா வேலை செய்யற ஸ்டெம் செல்லு 2018-ல வந்த ஒரு கணக்குப்படி 50 ஆயிரத்துல இருந்து 2 லட்சத்துக்குள்ளதான் இருக்குது. அவ்வளவு கொஞ்சம், அவ்வளவு வேலை.

இப்ப உங்க மாத்திரைக்கு வர்றேன். நீங்க அனுப்பின சீட்டு போட்டோவைப் பாத்தேன். மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம், நாலு மாத்திரை, புதன்கிழமை மட்டும், மறுநாள் ஃபோலிக் ஆசிட்னு தெளிவா எழுதியிருக்கறாங்க. பையன் சொன்னதும் பொய் இல்லீங்க. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சுட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ் நடத்தின குழுவுல இருந்து வந்த மருந்து குடும்பம் இது, இதுக்கு முந்தி வந்த அமினோப்டெரினை வச்சுத்தான் 1948-ல ரத்தப் புற்றுநோய் வந்த கொழந்தைகளுக்கு வைத்தியம் பாத்தாங்க. ஆனா கேன்சருக்குக் குடுக்கற அளவு வேற, உங்களுக்கு வாரம் ஒருக்கா குடுக்கற 10 மில்லிகிராம் வேற, இந்தச் சின்ன அளவு மூட்டு அழற்சியோட (வீக்கம், சூடு, வலி) வேகத்தைத் தணிக்குது, அவ்வளவுதான். 1980-கள்ல இருந்து முடக்குவாதத்துக்குப் பரவலா குடுக்கறாங்க, இப்ப உலகம் பூரா அதுக்கு முதல் மருந்து இதுதான், வெலையும் கம்மி.

அப்பறம் ஏன் ரத்தம் பாக்கறாங்கன்னா, வேகமா பிரியற செல்லு எங்க எச்சா இருக்குதோ அங்க இந்த மருந்து கை வைக்கும், அப்படிப்பட்ட எடம் மஜ்ஜை. வெள்ளணு, தட்டணு (பிளேட்லெட்), ஹீமோகுளோபின் எறங்குதான்னும், ஈரல் நல்லா இருக்குதான்னும் பாக்கத்தான் அந்த டெஸ்ட். காசு புடுங்கறதுக்கு இல்லீங்க, தயவுசெஞ்சு அதைத் தள்ளிப் போடாதீங்க.

ஒரு விசயம் மட்டும் எல்லா வாசகருக்கும் கையெடுத்துக் கும்புட்டுச் சொல்றேன். வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரையை தெனமும் போட்டுட்டு வர்றவங்க இருக்கறாங்க, மருந்துக்கடையில பொடி எழுத்துல எழுதிக் குடுத்திருப்பாங்க, வீட்டுல பெரியவங்களுக்கு கண்ணு தெரியாது, நோவு தாங்காம சேத்துப் போட்டா சீக்கிரம் தீரும்னும் நெனைச்சுக்கறாங்க. அப்படி தெனமும் போட்டா ஒரு வாரம் பத்து நாள்லயே மஜ்ஜை அமுங்கிப் போகும், உசுருக்கே ஆபத்து. வாயெல்லாம் புண்ணு, காச்சல், காரணமில்லாம தோல்ல ரத்தம் கட்டறதுன்னு வந்தா மாத்திரையை நிறுத்திட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, ராத்திரின்னா ராத்திரியே. காலண்டர்ல புதன்கிழமையை செகப்பு பேனாவுல வட்டம் போட்டு வைங்க, மாத்திரை அட்டையை மத்த மாத்திரையோட ஒரே டப்பாவுல போடாதீங்க.

கேள்வி (கல்லூரி மாணவி, கோபி): நான் பயோடெக்னாலஜி ரெண்டாவது வருசம். ரத்த ஸ்டெம் செல் எலும்பு மஜ்ஜையில உருவாகுதுன்னு பரீட்சையில எழுதினேன், மேடம் தப்புன்னு போட்டுட்டாங்க. அப்ப எங்கதான் உருவாகுது? மூட்டுவாதத்துக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குதுன்னாங்க, அது எப்படி?

பதில்: மேடம் சொன்னது சரிதான் கண்ணு. மஜ்ஜையில அது குடியிருக்குது, பொறந்த எடம் வேற. கருவுக்கு நாலு அஞ்சு வாரம் இருக்கறப்போ, முதுகுப்பக்கமா ஓடற பெரிய ரத்தக்குழாய் அயோர்ட்டா இருக்குதில்ல, அதோட அடிச்சுவர்லதான் பொறக்குது. ரத்தக்குழாய் சுவரா இருந்த செல்லே ரத்த செல்லா மாறிருது! ரன்எக்ஸ்1னு ஒரு மரபணு வேலை செஞ்சாத்தான் இந்த மாற்றம் நடக்கும். இதை ரொம்ப வருசம் செத்த கருவை வெட்டிப் பாத்துத்தான் ஊகிச்சிட்டிருந்தாங்க, 2010-ல பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்காரங்க வரிக்குதிரை மீனோட கருவுல நேராவே படம் புடிச்சுட்டாங்க, அந்த மீன் குஞ்சு கண்ணாடியாட்டம் இருக்கும், உள்ள நடக்கறது அப்படியே தெரியும். தட்டையா ஒட்டிட்டிருந்த ஒரு செல்லு மெதுவா வளையுது, பிதுங்கி உருண்டையாகுது, அக்கம்பக்கத்து செல்லுக ரெண்டும் ஒண்ணை ஒண்ணு எட்டிப் புடிச்சு எடத்தை அடைச்சுக்குது, இது கழண்டு ரத்தத்தோட போகுது. மனுசங்களுக்கு அது அங்கிருந்து கருவோட ஈரலுக்குப் போய் பெருகி, பொறக்கற சமயத்துல மஜ்ஜைக்கு வந்து நிலைக்குது, நாத்தை ஒரு எடத்துல விட்டு, புடுங்கி வேற வயல்ல நடற மாதிரித்தான்.

இப்பத்தான் மூட்டுவாதம் உள்ள வருது. 2014-ல அமெரிக்காவுல சான் டியாகோ ஆராய்ச்சியாளர்கள் இதே மீன் கருவுல ஒண்ணைக் கண்டாங்க. அந்த ரத்தக்குழாய் சுவர் செல்லு ஸ்டெம் செல்லா மாற டி.என்.எஃப்.ங்கற சமிக்ஞைப் புரதம் வேணுமாம். கிருமி ஒண்ணும் கிடையாது, தொத்து கிடையாது, ஆனா கருவுல மொதல்ல உண்டான வெள்ளணு டி.என்.எஃப்.பைச் சுரக்குது, அது இல்லைன்னா ஸ்டெம் செல்லு சரியா உண்டாகறதில்லை. டி.என்.எஃப். யாருன்னு தெரியுமில்ல? முடக்குவாதத்துல மூட்டை வீங்க வைக்கறதே அதுதான். லண்டன் கென்னடி இன்ஸ்டிடியூட்ல மார்க் ஃபெல்ட்மன்னும், நம்ம லூதியானாவுல பொறந்த ரவீந்தர் மைனியும் சேந்து அதைத் தடுக்கற ஊசியை 1992-ல முதல் முதலா நோயாளிகளுக்குப் போட்டுப் பாத்தாங்க, வருசக்கணக்கா வீங்கியிருந்த மூட்டு கொஞ்ச வாரத்துலயே வத்துச்சு. கருவுல ரத்தத்தை உண்டாக்கக் கூப்பிடற அதே சமிக்ஞை பெரியவங்க மூட்டுல நிக்காம ஓடிட்டே இருந்தா நோயாகுது. எனக்கு இந்தத் துறையில இதை விடப் புடிச்ச விசயம் வேற இல்லை.

இன்னும் இருக்குது. 2016-ல எலிகள்ல பாத்தது, இன்டர்லூக்கின்-1ங்கற அழற்சிப் பொருளை நாள்கணக்குல குடுத்துட்டே இருந்தா ரத்த ஸ்டெம் செல்லு அவசர அவசரமா மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில்ங்கற வெள்ளணு வம்சத்தையே பெத்துத் தள்ளுது, தன்னைத்தானே புதுப்பிச்சுக்கற சக்தியும் குறையுது. அதாவது மூட்டுல இருக்கற அழற்சி மஜ்ஜைக்குத் தகவல் அனுப்ப, மஜ்ஜை இன்னும் அதே செல்லை அனுப்ப, வட்டமா சுத்திட்டே போகுது. நல்ல சேதி என்னன்னா அந்தப் பொருளை நிறுத்தினா ஸ்டெம் செல்லு தேறிக்குது. சீக்கிரமே அழற்சியை அடக்கோணும்னு நாங்க நச்சரிக்கறதுக்கு இதெல்லாம்தான் பின்னால இருக்குது.

மஜ்ஜையில இருந்து மூட்டு நோய் வருமான்னு சந்தேகம் இருந்தா வெக்சாஸ்னு ஒரு நோயைத் தேடிப் படி. 2020-ல கண்டுபிடிச்சாங்க, பெரும்பாலும் 50 வயசு தாண்டின ஆம்பளைகளுக்கு வருது, காச்சல், மூட்டு வீக்கம், காது மூக்கு குருத்தெலும்பு வீக்கம், ரத்தசோகை எல்லாம் ஒண்ணா வரும். காரணம் மஜ்ஜையில இருக்கற ரத்த ஸ்டெம் செல்லுல யு.பி.ஏ.1ங்கற ஒரு மரபணுல வந்த மாற்றம், பொறப்புல வந்ததில்லை, வயசான பின்னால வந்தது. இனி உன் பரீட்சையில மார்க் போகாது.

கேள்வி (வாசகர், பொள்ளாச்சி): எங்க அப்பாருக்கு ரெண்டு முட்டியும் வீங்கியிருக்குது, முடக்குவாதம்னு சொல்லியிருக்கறாங்க. ஸ்டெம் செல் ஊசி போட்டா அடியோட தீந்துரும்னு ஒரு கிளினிக்குல லட்சக்கணக்குல கேக்கறாங்க. தென்னந்தோப்பு குத்தகைப் பணம் கையில இருக்குது, போடலாமுங்களா?

பதில்: போடாதீங்க அண்ணா. ஸ்டெம் செல்லுன்னு ஒரே பேர்ல நாலு தினுசு இருக்குது. ரத்த ஸ்டெம் செல் மாத்தற வைத்தியம் நிஜமானது, வேலூர் சி.எம்.சி.யில 1986-ல இருந்தே பண்றாங்க, ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி நோய்க்கு அது உசுரைக் காப்பாத்துது. முடக்குவாதத்துக்கும் 1990-கள்ல மேல்நாட்டுல சில பேருக்குப் பண்ணிப் பாத்தாங்க, ஆனா அதுக்கு மொதல்ல கடுமையான மருந்து குடுத்து இருக்கற மஜ்ஜையை அடக்கோணும், நிறையப் பேருக்கு நோய் திரும்பவும் வந்துச்சு, அதுக்குள்ள டி.என்.எஃப். ஊசி வந்துட்டதால அந்த வழி ஓரங்கட்டிப் போச்சு. முட்டிக்குள்ள போடறதா சொல்ற ஊசி வேற, அது மெசன்கைமல் செல்லு, எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு மாதிரி திசுவா மாறக்கூடிய வேற தினுசு செல்லு. வயசான முட்டித் தேய்மானத்துக்குன்னு அந்த வகையில ஒரு மருந்துக்கு 2022-ல இந்தியாவுல அனுமதி கெடைச்சுது, ஆனா தேய்மானம் வேற, முடக்குவாதம் வேற, அப்பாருக்கு இருக்கறது ரெண்டாவது.

ஐ.சி.எம்.ஆர்.ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட 2017 வழிகாட்டுதல்ல தெளிவா இருக்குது, ஒத்துக்கிட்ட நோய்க்கு வெளிய ஸ்டெம் செல் குடுக்கறதுன்னா அது சோதனை, முறையா பதிவு பண்ணித்தான் நடத்தோணும், சோதனைக்கு வர்றவங்ககிட்ட காசு வாங்கக் கூடாது. அந்தக் கிளினிக்குல போய் சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ சோதனைகளைப் பதிவு பண்ற இந்தியப் பதிவேடு) பதிவு நம்பர் என்னன்னு ஒரு வார்த்தை கேளுங்க, முழிச்சாங்கன்னா வந்த வழியே திரும்பிருங்க. குத்தகைப் பணத்தை வச்சு நல்ல ருமட்டாலஜி (மூட்டுவாத) டாக்டரைப் பாருங்க. மெத்தோட்ரெக்சேட்டுல கேக்கலைன்னா ஊசிக்குப் போகலாம், 2014 கடைசியில அகமதாபாத் சைடஸ் கம்பெனி டி.என்.எஃப்.பைத் தடுக்கற அடலிமுமாப் ஊசியை உள்நாட்டுலயே கொண்டு வந்ததுல இருந்து வெலை முந்தி மாதிரி எட்டாத தூரத்துல இல்லை. போடறதுக்கு முன்னால டி.பி. இருக்குதான்னு நெஞ்சு எக்ஸ்ரேயும் டெஸ்ட்டும் கட்டாயம் பாக்கோணும், ஒடம்புல தூங்கிட்டிருக்கற டி.பி.யை டி.என்.எஃப்.தான் கட்டி வச்சிருக்குது, அதைத் தடுத்தா எந்திரிச்சு வந்துரும். இதைச் சொல்லாம ஊசி போடற எடத்துக்கும் போகாதீங்க.

கேள்வி (வாசகி, பல்லடம்): பதினஞ்சு வருசமா தறிக்குடோன்ல வேலை. எங்க லைன்ல மூணு பொம்பளைகளுக்கு இந்த வாதம் வந்திருக்குது. பஞ்சு தூசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?

பதில்: இருக்கலாமுங்க, இதை யாரும் கேக்கறதில்லை, நீங்க கேட்டதுக்கு நன்றி. மலேசியாவுல பொம்பளைககிட்ட நடத்தின ஆய்வு 2016-ல வந்துச்சு, துணி ஆலைத் தூசியில வேலை செஞ்சவங்களுக்கு முடக்குவாதம் வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கும் மேலன்னு அதுல தெரிஞ்சுது. நுரையீரல்ல தூசியோ சிகரெட் புகையோ தொடர்ந்து படறப்போ அங்க இருக்கற புரதங்கள் மாறிப் போகுது, அதுக்கு எதிரா ஒடம்பு ஆன்ட்டிபாடி உண்டாக்குது, மூட்டு வலிக்கறதுக்குப் பல வருசம் முன்னாலயே ரத்தத்துல அது இருக்கும், ஆன்டி-சி.சி.பி. டெஸ்ட்டுல பாக்கறது அதைத்தான். ஒரு ஆய்வை வச்சு உங்க மூணு பேருக்கும் தூசிதான் காரணம்னு சொல்லிர முடியாது. ஆனா திருப்பூர், பல்லடம், சோமனூர்னு இத்தனை லட்சம் பேர் பஞ்சுக்குள்ள நிக்கற நம்ம ஊர்லதான் இந்த ஆய்வு நடக்கோணும், எங்கியோ மலேசியாவுல நடந்ததை வச்சு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கறது எனக்கு வருத்தமா இருக்குது. மாஸ்க் போடுங்க, வெரல் கணு வீங்கி காலையில அரை மணி நேரத்துக்கு மேல மடக்க முடியாம வெறைச்சுக் கெடந்தா தைலம் தேச்சுட்டு ஆறு மாசம் ஓட்டாதீங்க.

கேள்வி (வாசகர், அந்தியூர்): வீட்டுக்காரிக்கு முடக்குவாதம். ஹீமோகுளோபின் 9-லயே நிக்குது. இரும்பு மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சை எல்லாம் குடுத்தாச்சு, ஏறவே மாட்டேங்குது.

பதில்: அழற்சி இருக்கறப்போ இன்டர்லூக்கின்-6ங்கற அழற்சிப் பொருள் ஈரலைத் தூண்டி ஹெப்சிடின்னு ஒண்ணைச் சுரக்க வைக்குது. அது குடல்ல இருந்து இரும்பு உள்ள வராம தடுத்து, உள்ள இருக்கறதையும் வெளிய விடாம பூட்டி வச்சுருது, மஜ்ஜை இரும்புக்காகக் காத்துக் கெடக்குது. மூட்டு நோயை அடக்கினாத்தான் ஹீமோகுளோபின் ஏறும். ஆனா நம்ம பொம்பளைகளுக்கு நெஜமான இரும்புக் குறையும் சேந்தே இருக்கும், வலி மாத்திரையால வயித்துல ரத்தம் கசிஞ்சாலும் இப்படி ஆகும், மலம் கருப்பா போகுதான்னு கேளுங்க. ஃபெரிட்டின் (இரும்பு இருப்பைக் காட்டறது), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டறது) ரெண்டு டெஸ்ட்டையும் ஒண்ணா பாக்கச் சொல்லுங்க. கீரையை நிறுத்த வேண்டாம்.

கேள்வி (தாய், தாராபுரம்): மகளுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். மெத்தோட்ரெக்சேட் எடுக்கறா, மாமியார் வீட்டுக்குத் தெரியாது. கொழந்தை பெத்துக்கலாமுங்களா?

பதில்: தாராளமா பெத்துக்கலாமுங்க. ஆனா மெத்தோட்ரெக்சேட் எடுத்துட்டிருக்கறப்போ கர்ப்பம் ஆகவே கூடாது, கருவுல உறுப்பு உருவாகறதையே கெடுக்கும். ஒண்ணுல இருந்து மூணு மாசம் முன்னாலயே டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்தி, கர்ப்பத்துலயும் எடுக்கலாம்கற ஹைட்ராக்சிகுளோரோக்வின், சல்ஃபாசலசின் மாதிரி மருந்துக்கு மாத்திக்கோணும், அதுவரைக்கும் கருத்தடை வேணும். தானா நிறுத்திட்டு ஒண்ணுமே எடுக்காம இருக்கறதும் தப்புங்க, நோய் கெளம்பிரும். நாள் தள்ளிப் போச்சுன்னா அந்த வாரத்து மாத்திரையைப் போடாம ஒடனே போய்ப் பாக்கச் சொல்லுங்க. மாமியாருக்கு எப்பச் சொல்றதுங்கறது உங்க குடும்பத்து முடிவு, ஆனா மாப்பிள்ளைக்கு இன்னிக்கே தெரியோணும், அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிட்டுப் போகட்டும்.