விளையாட்டில் எல்லா நிலைகளையும் முடித்த குழந்தை புத்தகத்தில் ஏன் திணறுகிறாள்?

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். ஆங்கில எழுத்தொலிகளைக் கற்பிக்கும் கணினி விளையாட்டு ஒன்றைச் சில மாதங்களாக விளையாடி, எல்லா நிலைகளையும் முடித்துவிட்டாள். ஆனால் புத்தகத்தில் மூன்றெழுத்துச் சொல்லைக் காட்டினால் விழிக்கிறாள். விளையாட்டை நிறுத்திவிடலாமா, வேறொன்றை வாங்கித் தரலாமா? (திருப்பூரிலிருந்து ஒரு தாய்)

பதில்: நிறுத்தவும் வேண்டாம், வேறொன்றை வாங்க அவசரப்படவும் வேண்டாம். உங்கள் மகள் கற்றிருப்பது உண்மையான திறன்தான். ஆனால் அது வாசிப்பின் ஒரு பாதி. ஃபோனிக்ஸ் எனப்படும் இத்தகைய எழுத்தொலி விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் கணினி ஓர் ஒலியைச் சொல்லும், குழந்தை அதற்குரிய எழுத்தைத் தொடும். புத்தகத்தைத் திறந்ததும் இந்த வேலை தலைகீழாகிவிடுகிறது: அங்கே எழுத்து மட்டுமே இருக்கிறது, ஒலியைக் குழந்தையே எழுப்பி, அடுத்தடுத்த ஒலிகளை வாயாலேயே இணைத்துச் சொல்லாக்க வேண்டியிருக்கிறது. குழந்தை வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டுத் திருத்தும் வசதி பெரும்பாலான விளையாட்டுகளில் இல்லாததால், இந்த இரண்டாம் பாதிக்கு அவற்றில் பயிற்சியே கிடைப்பதில்லை.

அடுத்த முறை அவள் விளையாடும்போது அருகில் அமர்ந்து விரலைக் கவனியுங்கள். நான்கு பலூன்களில் சரியானதைத் தொட வேண்டிய இடத்தில், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கடைசியில் மிஞ்சியதைத் தொட்டாலும் பல விளையாட்டுகள் நட்சத்திரம் கொடுத்துவிடுகின்றன. சொல்லுக்குப் பக்கத்தில் படம் இருந்தால், குழந்தை எழுத்தைப் பார்க்காமலே படத்தின் பெயரைச் சொல்லிவிடும். எனவே நிலைகளை முடித்ததை வைத்து வாசிப்பை அளக்க முடியாது.

இது ஆராய்ச்சியிலும் தெரிந்திருக்கிறது. பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் உருவான ‘கிராஃபோகேம்’ இந்த வகையில் மிகுதியாக ஆராயப்பட்ட விளையாட்டு. பல நாடுகளில் அதைக் குறித்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான மதிப்பாய்வில், சொல் வாசிப்பில் சராசரியாகப் பயன் தென்படவில்லை. பெரியவர்கள் உடனிருந்து நன்கு ஈடுபட்ட இடங்களிலோ பயன் தெரிந்தது. ஆகவே உங்கள் பங்கு இங்கே உபரியானது அல்ல.

அந்தப் பங்குக்கு நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். விளையாட்டில் அன்று வந்த எழுத்துகளைச் சிறு அட்டைகளில் எழுதி, மூன்றை வரிசையாக வைத்து, அவளை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ம், ந், ஸ், ஃப் போன்ற ஒலிகளில் தொடங்கும் சொற்களை எடுங்கள். இவற்றை மூச்சு உள்ளவரை நீட்ட முடியும் என்பதால், ‘ம்ம்ம்எஎஎன்’ என்று இடையில் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போய் ‘மென்’ என்று முடிக்கலாம். ப், ட், க் ஆகியவற்றை அப்படி நீட்ட இயலாது. அவை சொல்லின் முதலில் வருவதைச் சில வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் குழந்தைகள் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணமாக நான் கருதுவது, மெய்யொலியோடு ஓர் அகரத்தை ஒட்டிச் சொல்லிக்கொடுப்பதுதான். ‘ப’, ‘இ’, ‘ன’ என்று பழகிய குழந்தை அவற்றை எத்தனை வேகமாகச் சொன்னாலும் ‘பின்’ வராது. ‘ப்’, ‘இ’, ‘ன்’ என்றால் உடனே வரும். மெய்யைத் தனியே காட்டப் புள்ளி வைக்கும் எழுத்துமுறை நம்மிடம் இருக்கிறது. ப் என்பதும் இ என்பதும் சேர்ந்து பி ஆவதைத் தமிழில் ஒருமுறை காட்டிவிட்டு, ஆங்கில மெய்யெழுத்துகளும் புள்ளி வைத்தவை போலத்தான் ஒலிக்கும் என்று சொல்லுங்கள். வாங்கிய விளையாட்டே அகரம் ஒட்டிய ஒலியைச் சொல்கிறது என்றால், அப்போது மட்டும் தயங்காமல் விளையாட்டை மாற்றிவிடுங்கள்.

வேறோர் இடத்தில் விளையாட்டு நமக்கு நன்றாகவே உதவும். ‘பல்’ என்பதிலும் ‘தம்பி’ என்பதிலும் பகரத்தின் ஒலி வேறு, ஆனால் எழுத்து ஒன்றே. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. இருபத்தாறு எழுத்துகளைக் கொண்டு சுமார் 44 ஒலிகளை எழுதும் மொழியில் இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளைக் காது பிடிப்பதற்கு, சலிக்காமல் ஒரே தெளிவோடு திரும்பத் திரும்பச் சொல்லும் கணினி ஏற்ற துணை.

அவள் உண்மையில் படிக்கிறாளா, மனப்பாடமாகச் சொல்கிறாளா என்பதை அறிய, பொருளில்லாத சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு நடத்தப்படும் ஃபோனிக்ஸ் சோதனையில் உள்ள 40 சொற்களில் பாதி இப்படிப்பட்டவையே. ‘பிம்’, ‘நெப்’ போன்றவற்றை அட்டையில் ஆங்கில எழுத்தில் எழுதி, ஒரு வேற்றுக்கிரகவாசியின் பெயர் என்று சொல்லிக் காட்டினால் குழந்தைகள் உற்சாகமாகப் படிப்பார்கள்.

திரை நேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாயின் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. உங்கள் மகள் அந்த வயதைக் கடந்திருந்தாலும், இந்த விளையாட்டுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்க வேண்டியதில்லை.

இவ்வாறு சில மாதம் பழகியும் ஒலிகளை இணைக்க முடியாமல் அவள் திணறினால், வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அதற்கு முன் காது பரிசோதனை ஒன்றையும் செய்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்து, மெல்லிய மெய்யொலிகள் சரியாகக் கேட்காமல் போவது உண்டு, அது மருத்துவத்தில் சரிசெய்யக்கூடியதே.