பெருங்காயம்: மளிகைக்கடை அண்ணாச்சி பதில்கள்

திருச்சி மருமகள்: அண்ணாச்சி, கட்டி வாங்கணுமா, தூள் வாங்கணுமா? மாமியார் கட்டிதான் வேணும்னு நிக்கிறாங்க. எனக்கு அதை உடைக்கவே முடியல.

நான் உங்க மாமியார் கட்சி. முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. கடையில நாங்க விக்கிற கட்டியும் சரி, தூளும் சரி, பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான். செடியோட வேரைக் கீறினா வடியிற பாலு உறைஞ்சு பிசினாகுது. அதை அப்படியே போட்டா நெடி தாங்காது. அதனால கோந்தும் மாவும் சேர்த்துப் பிசைஞ்சு விக்கிறாங்க. இது கலப்படம் இல்ல, சட்டமே அனுமதிக்கிறது. ஆல்கஹால்ல கரையிற சத்து, கலக்காத பெருங்காயத்துல குறைஞ்சது 12 சதவீதமும் கூட்டுல 5 சதவீதமும் இருக்கணும்னு விதி. தூளை டப்பா திறக்கத் திறக்க வாசனை பறந்துடும். கட்டி மாசக்கணக்குல அப்படியே நிக்கும்.

உடைக்கிறதுக்குச் சுத்தியல் எடுக்காதீங்க. வெறும் வாணலியைச் சிறு தீயில வச்சு கட்டியை ரெண்டு பக்கமும் புரட்டுங்க. இளகி வரும். கை பொறுக்கிற சூட்டுல விரல்ல நல்லெண்ணெய் தொட்டுக்கிட்டு, துவரம்பருப்பு அளவுக்குக் கிள்ளிக் கிள்ளி தட்டுல போடுங்க. ஒட்டாம இருக்க மேல கொஞ்சம் அரிசி மாவு தூவுங்க. ஆறினதும் டப்பாவுல போட்டு வச்சா, தாளிக்கிறப்ப ஒரு துண்டு எடுத்தாப் போதும். ஊறுகாய், தொக்குக்குன்னா அந்தத் துண்டுகளை எண்ணெயில பொரிச்சு, ஆற வச்சுப் பொடிச்சுக்கங்க.

ஹாஸ்டல் நளன்: எல்லாரும் "ஒரு சிட்டிகை"ங்கிறாங்க. எவ்வளவுங்க அது?

நாலு பேர் சாம்பாருக்குத் தூள்னா கால் டீஸ்பூன், கட்டின்னா துவரம்பருப்பு அளவுல ஒண்ணோ ரெண்டோ. பால் பெருங்காயம், அதாவது மாவு கலக்காத பிசின், கிடைச்சா மிளகுல பாதி போதும், அது வீரியம். கூடிப்போனா கசக்கும். அப்புறம் பருப்பைச் சேர்த்து அளவைப் பெருக்கலாமே ஒழிய எடுக்க முடியாது.

கோவை வாசகி: எங்க அம்மா தாளிப்புல போடுவாங்க, பக்கத்து வீட்டு அக்கா கொதிக்கும்போது போடுறாங்க. எது சரி? எனக்கு மட்டும் சில நாள் கசந்து போகுது.

ரெண்டும் சரி. பண்டத்தைப் பொறுத்தது.

பெருங்காயத்துல நெடி வர்றதுக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். பூண்டு, வெங்காயத்துல இருக்கிற அதே வகையறா. அது எண்ணெயிலயும் நெய்யிலயும் நல்லா இறங்கும். சூடு பட்டா பச்சை நெடி அடங்கி, வெங்காயம் வதக்கின மாதிரி ஒரு மணம் எழும்பும். தாளிக்கிறதே அதுக்குத்தான்.

உங்களுக்குக் கசக்கிறது எங்கேன்னு சொல்லட்டுமா? எண்ணெய் புகையிறப்ப தூளைப் போடுறீங்க. தூள்ல இருக்கிற மாவு ஒரு நொடியில கருகிடுது. நீங்க பெருங்காயத்தைத் திட்டுறீங்க, கசப்பு கருகின மாவோடது. கடுகு வெடிச்சு முடியட்டும், அடுப்பைக் குறைங்க, தூளைப் போடுங்க, பொங்கி நுரை எழும்பினதும் உடனே கறிவேப்பிலையைப் போடுங்க. இலையில இருக்கிற ஈரம் எண்ணெய்ச் சூட்டைக் கொஞ்சம் தணிச்சுடும். கட்டின்னா கதை தலைகீழ். கடுகுக்கு முன்னாடியே, எண்ணெய் மிதமா காய்ஞ்சதும் போடணும். அது உப்பிப் பொரிய நேரம் வேணும். உள்ளே வேகாத கட்டி சாப்பிடுறவங்க பல்லுல சிக்கினா அன்னைக்குப் பூரா அதே ஏப்பம்தான்.

ரசத்துக்கு மட்டும் ரெண்டு தடவை போடுவேன். புளித்தண்ணி, உப்பு, மஞ்சத்தூளோட ஒரு துண்டு கட்டிப் பெருங்காயம் கொதிக்கும். கடைசியில நெய்த் தாளிப்புல இன்னும் துளி. முதல்ல போட்டது ரசத்துக்குள்ள இறங்கும், ரெண்டாவது மூக்குக்கு. நீர்மோருக்கு எதுவும் வேண்டாம், தூளை அப்படியே கலக்குங்க. அந்தப் பச்சை நெடிதான் மோருக்கு அழகு.

பட்சண மாமி: முறுக்கு மாவுல அங்கங்க மஞ்சளா திட்டு விழுது.

கட்டியைக் கைப்பிடி வெந்நீர்ல அரை மணி நேரம் ஊறப் போட்டு, கரைச்சு வடிகட்டி, அந்தத் தண்ணியில மாவு பிசைங்க. தட்டை, ஓமப்பொடி எல்லாத்துக்கும் இதேதான். தூளா இருந்தாலும் கரைச்சே ஊத்துங்க.

டொராண்டோ அம்மா: பையனுக்கு செலியாக் நோய். கோதுமை துளியும் ஆகாது. பெருங்காயம் போடலாமா?

கட்டாயம் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிங்க. நிறைய கூட்டுப் பெருங்காயத்துல கோதுமை மாவோ மைதாவோ இருக்கு. தூள்ல மட்டும் இல்ல, கட்டியிலயும் உண்டு. அரபிக் கோந்து பிரச்சினை இல்ல. அரிசி மாவு சேர்த்து, குளூட்டன் (கோதுமையில இருக்கிற புரதம்) இல்லைன்னு அச்சிட்டே விக்கிறாங்க, அதை வாங்குங்க. வெளியில சாப்பிடுறப்ப இன்னும் கவனம். சாம்பார்ல கோதுமை இருக்கும்னு பரிமாறுறவருக்குத் தோணவே தோணாது.

கும்பகோணம் மாப்பிள்ளை: வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடுகள்லதான் பெருங்காயம் மணக்குது. ஆனா திவசத்தன்னைக்கு மட்டும் அதையும் விலக்குறாங்களே?

ஆமா, பல வீடுகள்ல அதுதான் வழக்கம். அன்னைக்கு மிளகு, சீரகம், இஞ்சி வச்சே ஒப்பேத்திடுவாங்க. காரணம் ஆளுக்கொண்ணு சொல்வாங்க, அதுல நான் தலையிட மாட்டேன். வீட்டுக்கு வீடு மாறும், உங்க பெரியவங்க சொல்றபடி செய்ங்க.

அசைவப் பிரியன்: கறிக்குழம்புல போட்டா என்ன?

நம்ம பக்கக் கறிக்குழம்புல பூண்டும் சின்ன வெங்காயமும் அந்த வேலையைப் பார்த்துடுது. தேவையில்ல. ஆனா காஷ்மீர்ப் பண்டிட் வீடுகள்ல ரோகன் ஜோஷ் பாருங்க. ஆட்டுக்கறிதான், ஆனா வெங்காயமும் கிடையாது பூண்டும் கிடையாது. பெருங்காயம், சோம்புப் பொடி, சுக்குப் பொடி, தயிர், மிளகாய்த்தூள், அவ்வளவுதான். ஒரு தடவை செஞ்சு பாருங்க, பெருங்காயம் சாம்பாருக்குன்னே பிறந்ததுங்கிற நினைப்பு போயிடும். மீன் குழம்புல மட்டும் வேண்டாம், எனக்குப் பிடிக்கல.

சந்தேகப் பிராணி: நல்லதான்னு வீட்டுலயே பார்க்க முடியுமா?

எவர்சில்வர் கரண்டியில துளி வச்சுத் தீ காட்டுங்க. நல்ல பெருங்காயம் கற்பூரம் மாதிரி சுடர் விட்டு எரியும். இன்னொரு துளியைக் கண்ணாடி டம்ளர் தண்ணியில கலக்கி வைங்க. கலக்காத பிசின்னா பால் மாதிரி வெள்ளையாகும். கூட்டு கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கும், மாவு மெதுவா அடியில படியும், பயப்படாதீங்க. மண்ணும் கல்லுப்பொடியும் அடியில தங்கினா கடையை மாத்துங்க, என் கடையா இருந்தாலும்.

பொது அறிவு: இந்தியாவுல இப்ப விளையுதாமே?

விளைய வைக்கிறாங்க. இமாச்சலப் பிரதேசத்துல பாலம்பூர்ல இருக்கிற சிஎஸ்ஐஆர் (மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வு நிறுவனம், 2020 அக்டோபர்ல லாஹௌல் பள்ளத்தாக்குல குவாரிங் கிராமத்துல முதல் கன்றை நட்டுச்சு. குளிரும் வறட்சியும் சேர்ந்த இடம் வேணும் இந்தச் செடிக்கு, மதுரை வெயில்ல தொட்டியில வச்சா வராது. பிசின் எடுக்கவே அஞ்சு வருஷம் போல ஆகும். நம்ம டப்பாவுல இருக்கிற சரக்கு பெரும்பாலும் ஆப்கானிஸ்தான்ல இருந்து பச்சைப் பிசினா வர்றது. ஈரான், உஸ்பெகிஸ்தான் சரக்கும் உண்டு. உத்தரப் பிரதேசம் ஹாத்ரஸ்ல அதைக் கூட்டுச் சேர்க்கிற தொழில் பரம்பரையா நடக்குது.

புது அம்மா: மூணு மாசக் குழந்தைக்கு வயிறு உப்புசம். பெருங்காயத் தண்ணி கொடுக்கலாமா?

வாயில கொடுக்காதீங்க தாயி. கைக்குழந்தைக்குப் பெருங்காயம் கொடுத்து ரத்தத்துல ஆக்சிஜன் சுமக்கிற சக்தி குறைஞ்சு போனதை மருத்துவ இதழ்லயே பதிவு செஞ்சிருக்காங்க. பெரியவங்க தொப்புளைச் சுத்திப் பத்துப் போடுறது வேற விஷயம், அது வாய்க்குள்ள போறதில்ல. அதுலயும் தோல் சிவந்தா துடைச்சுடுங்க. குழந்தை விடாம அழுதா டாக்டர்கிட்ட போங்க.

டீ பைத்தியம்: அலமாரியில வச்சா டீத்தூள் வரைக்கும் வாசனை ஏறுது. டப்பா காலியானாலும் போக மாட்டேங்குது.

பிளாஸ்டிக் டப்பாவா? அதுதான். கண்ணாடியோ எவர்சில்வரோ மாத்துங்க, அதையும் இன்னொரு டப்பாவுக்குள்ள வைங்க, டீத்தூளும் சர்க்கரையும் வேற தட்டுல இருக்கட்டும். காலி டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க. உப்பைப் போட்டு மூடி ஒரு வாரம் விடுங்க, மோருக்கு அந்த உப்பைப் போடலாம்.